கரிசக்காட்டுக்காரனுக்கு எதுக்குய்யா ஐஸ் ஹாக்கி?

கல்யாணம் ஆனதுல இருந்து மூணு வருஷமா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஊர்ல சித்தப்பா கேட்டார். பெரியவர், விட்டுட்டேன். ஆபீஸ்ல கேட்டாங்க. ஆணி புடுங்குற நேரத்துல வியாக்கியானம் எதுக்குன்னு அதையும் விட்டுட்டேன். ஆனா நாலு ஊர் பார்த்து, நாற்பது புஸ்தகம் படிச்ச நம்ம பதிவுலக மக்களும், லே போய் ஐஸ் ஹாக்கி பார்த்துட்டு வந்து நான் போட்ட படங்களைப் பார்த்துட்டு, அதையே மூணு தினுசுல கேட்டிருக்கீங்க. இதுக்கு மேல சும்மா இருந்தா நான் எழுதி என்ன பிரயோசனம்?

முதல் ஆள்: "இதெல்லாம் மேட்டிமைத்தனம், நம்ம மண்ணுக்கு ஒட்டாத விளையாட்டு." ரெண்டாவது ஆள்: "உங்க கிறுக்குக்குப் பாவம் அந்தப் பொண்ணை ஏன் குளிர்ல இழுத்துட்டுப் போறீங்க?" மூணாவது ஒரு அனானி: "உங்க ஊர்ப் பக்கம் பட்டாசு ஆலையில பொம்பளைங்க கருகிச் சாகுறாங்க. நீ பனியில சறுக்குறதைப் பார்க்க ஃப்ளைட் ஏறுற."

முதல் ரெண்டும் மொக்கை. மூணாவது மொக்கை இல்ல. அதனால அதைக் கடைசியா எடுத்துக்கிறேன்.

ரெண்டாவது அண்ணனுக்கு முதல்ல. அண்ணே, இழுத்துட்டுப் போனது நான் இல்ல. என்னையத்தான் இழுத்துட்டுப் போனாங்க.

எங்க வீட்டு அம்மணி கோவில்பட்டிக்காரி. எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் பள்ளிக்கூட ஹாக்கி டீம்ல ஃபுல் பேக். முழங்கால்ல அந்த மைதானத்துத் தழும்பு இன்னும் இருக்கு. பன்னெண்டாவது முடிஞ்சதும் "பொம்பளப்பிள்ளைக்கு இனிமே எதுக்கு"ன்னு ஸ்டிக் பரண்ல ஏறிடுச்சு. சேர்ந்த இஞ்சினியரிங் காலேஜ்ல டீமும் கிடையாது. 2018 பிப்ரவரியில, ஹாஸ்டல்ல ஒரு லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்து, கொரியாவுல நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸ் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஃபைனலைப் பார்த்திருக்கா. அமெரிக்காவும் கனடாவும். 2-2ல நின்னு ஷூட் அவுட்டுக்குப் போன ஆட்டம். அமெரிக்க கோலி மேடி ரூனிக்கு அப்போ வயசு 20. இவளுக்கும் அதே வயசு. கடைசி ஷாட்டை ரூனி தடுத்ததும் அமெரிக்காவுக்கு 20 வருஷம் கழிச்சு தங்கம். "அன்னைக்கு ரெண்டு கிளாஸ் கட். திட்டு வாங்கினேன். ஆனா பரண்ல போட்டது திரும்பக் கீழ இறங்கின மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்வா.

பொண்ணு பார்க்கப் போனப்ப பெரியவங்க எங்களைத் தனியா பேசவிட்டாங்க. நான் சம்பளம், ஆன்சைட்னு ஏதோ உளறிட்டு இருந்தேன். அவ ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னா. "எனக்கு ஐஸ் ஹாக்கி பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கயாவது போகணும், சொந்தக்காரங்க வீடு இல்லாத ஊரா. ரெண்டுக்கும் சரின்னா மேல பேசலாம்." முதலாவது என்னன்னே தெரியாம தலையாட்டினேன். ரெண்டாவது ரொம்பப் பிடிச்சிருந்தது. சொந்தக்காரங்க வீடு இல்லாத ஊர்! எங்க பக்கத்து ஆட்களுக்குத்தான் இந்த ஒரு வரியோட அருமை புரியும் :-)

அதனால தயவு செஞ்சு கேளுங்க மக்களே. ஆம்பளைக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம், கூட வர்ற பொம்பளை பாவம் சகிச்சுக்கிறா... இந்த டெம்ப்ளேட்டை எங்கிருந்து எடுத்தீங்க? நம்ம பதிவுகள்ல இருந்துதான். பயணக் கட்டுரைன்னு நாம எழுதுறதை எல்லாம் ஒரு தடவை திரும்பப் படிச்சுப் பாருங்க. அதுல தங்கமணின்னு ஒருத்தங்க வருவாங்க. பெட்டி எடுத்து வைப்பாங்க. லேட் பண்ணுவாங்க. புடவைக் கடை எங்கன்னு கேட்பாங்க. பூரிக்கட்டை தூக்குவாங்க. அவங்களுக்கு அந்த ஊர் பிடிச்சிருந்ததா, எதை நின்னு பார்த்தாங்க, எதுக்காக அங்க போக ஆசைப்பட்டாங்க... ஒரு வரி இருக்காது. இருபது வருஷமா அதே காமெடி. ரங்கமணி மட்டும் மலை, கடல், வரலாறு, தத்துவம்னு பின்னியெடுப்பார். இது நகைச்சுவைன்னா நான் இந்த ஆட்டத்துக்கு வரல.

இனி முதல் ஆள். நம்ம மண்ணுக்கு ஒட்டாதாம்.

கோவில்பட்டியில ஆடுற ஹாக்கி மட்டும் கரிசல்ல முளைச்சதா? அதோட இப்போதைய விதிமுறைகள் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல எழுதினது. வந்துச்சு, நம்ம பிள்ளைங்க கையில எடுத்தாங்க, இன்னைக்கு அந்த ஊருக்கே ஹாக்கிப்பட்டின்னு பட்டப்பேர். லட்சுமி அம்மாள் கோப்பைக்கு இந்தியா பூராவும் இருந்து டீம் வருது. 2022 ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கின இந்திய டீம்ல ஆடின மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கூட ஆடின கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், ஆனா தேறினது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில. ஒரு விளையாட்டு யாருக்குச் சொந்தம்? ஆடுறவனுக்கும், காலங்காத்தால எழுந்து பார்க்கிறவனுக்கும்.

காலங்காத்தாலன்னு சும்மா சொல்லல. டொராண்டோவுல சாயங்காலம் ஏழு மணின்னா குளிர்காலத்துல நமக்கு விடியக்காலை அஞ்சரை. தெருவுல வாசல் தெளிக்கிற நேரத்துல எங்க வீட்டுல முதல் பீரியட் ஆரம்பிச்சிருக்கும்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 200 அடி நீளம், 85 அடி அகலத்துல பனித்தளம். ஒரு பக்கத்துக்கு கோலியோட சேர்த்து ஆறு பேர். 20 நிமிஷம் வீதம் மூணு பீரியட். பந்து கிடையாது. ஒரு அங்குல கனம், மூணு அங்குல விட்டத்துல கெட்டி ரப்பர் வட்டு. அது துள்ளக்கூடாதுன்னு மேட்சுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல போட்டு உறைய வைப்பாங்க. பெரிய லீக்ல பலமா அடிச்சா மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துல போகும். (தமிழ்ல 'பனி வளைகோல் பந்தாட்டம்'னு சிலர் எழுதுறாங்க. பந்தே இல்லாத பந்தாட்டம். நல்லா இருங்க.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆள் மாத்துற விதம். ஒருத்தர் தொடர்ந்து முக்கால் நிமிஷம்தான் ஆடுவார், அதுக்குள்ள மூச்சு வாங்கிடும். ஆட்டம் நிக்காது. ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தர் தடுப்பைத் தாண்டி உள்ள வர, இன்னொருத்தர் வெளிய போவார். புரொடக்ஷன் சர்வரை நிறுத்தாம பேட்ச் போடுற மாதிரி. கொஞ்சம் பிசகினா ஒரு ஆள் கூடுதல்னு பெனால்ட்டி. இதை வச்சு இல்லறத் தத்துவம் எதுவும் சொல்லப் போறதில்ல, பயப்படாதீங்க. அவளுக்குப் பிடிச்சது வேற. பழைய ஃபுல் பேக் ஆச்சே, கோல் போட்டவனைப் பார்க்கவே மாட்டா. கோல் விழுந்தப்போ டிஃபென்ஸ் எங்க நின்னுச்சுன்னுதான் ரீப்ளே பார்ப்பா.

மேட்டிமைன்னு சொன்னீங்கள்ல? இந்த விளையாட்டை இந்தியாவுல யார் ஆடுறாங்கன்னு தெரியுமா? லடாக்கில் 1970கள்ல ராணுவக்காரங்களைப் பார்த்து உள்ளூர்ப் பையன்கள் ஆட ஆரம்பிச்சாங்க. ஸ்கேட் வாங்கக் காசில்ல. ராணுவ பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகடை அடிச்சு ஓட்டினாங்க. மைதானம்? உறைஞ்சு போன குளம். ராத்திரி தண்ணி ஊத்தி விட்டா காலையில வழவழன்னு தளம் ரெடி. குளிர்காலத்துல ரெண்டு மாசம் கிடைச்சா பெரிசு. நம்ம கண்மாய் வத்தினதும் உள்ள இறங்கி கிரிக்கெட் ஆடுறோமே, அதேதான். அவங்களுக்குக் குளம் வத்த வேண்டாம், உறைஞ்சா போதும்.

பொண்ணுங்க கதை இன்னும் கேவலம். அவங்க கதை இல்ல, நம்ம நாடு அவங்களை நடத்தின கதை. 2016ல்தான் இந்தியப் பெண்கள் அணி முதல்முதலா சர்வதேசப் போட்டிக்கு, தைபேவுக்குப் போச்சு. போகக் காசில்லாம இணையத்துல பொதுமக்கள்கிட்ட நன்கொடை திரட்டிப் போனாங்க. ஒரு ஆட்டமும் ஜெயிக்கல. அடுத்த வருஷம் பாங்காக்ல பிலிப்பைன்ஸை 4-3னு ஜெயிச்சாங்க, அதுதான் முதல் வெற்றி. 2018ல கனடாவோட ஹேலி விக்கன்ஹைசர், நாலு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்க, லே வரைக்கும் வந்து இந்தப் பிள்ளைகளோட அந்தக் குளத்துல ஆடிட்டுப் போனாங்க. 2025ல அல் அய்ன்ல நடந்த ஆசியக் கோப்பையில நம்ம பொண்ணுங்களுக்கு வெண்கலம். நம்ம தமிழ் சேனல்ல எத்தனை நிமிஷம் காட்டினாங்க? டேராடூன்ல 2011ல தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்குன்னு செலவு பண்ணிக் கட்டின பனி அரங்கத்தைப் பல வருஷம் பூட்டி வச்சிருந்து 2025லதான் உயிர் கொடுத்தாங்க. அத்தனை வருஷமும் இவங்க குளம் உறையக் காத்துக்கிட்டு இருந்தாங்க. இதுல எங்க இருக்கு ஐயா மேட்டிமை?

இதுக்கும் பெண்களுக்கும் சம்பந்தம் புதுசு இல்ல. ஸ்டான்லி கோப்பைன்னு ஒண்ணு இருக்கே, அதை 1892ல கொடுத்த கனடா கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபுவோட மகள் இசபெல், 1890 வாக்கிலேயே தரையைத் தொடுற பாவாடையோட பனியில ஹாக்கி ஆடியிருக்காங்க. அதுக்கப்புறம் ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் ஐஸ் ஹாக்கி வர 1998 ஆச்சு. நூறு வருஷத்துக்கு மேல! அங்கயும் ஒரு பரண் இருந்திருக்கு.

சரி, லே. ஜனவரியில போனோம். 11,500 அடி உயரம். முதல் ரெண்டு நாள் ரூமை விட்டு நகரக் கூடாது, மூச்சு வாங்கும். மூணாம் நாள் குளத்துக்குப் போனோம். மைனஸ் 14. கன்னம் மரத்துப் போச்சு. ஓரத்துல கம்பளி போட்டுக்கிட்டு ஊர்ப் பாட்டிகள் வரிசையா உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறாங்க, பிளாஸ்க்ல உப்பு டீ. பொண்ணுங்க ஆடுறாங்க. வட்டு ஸ்டிக்ல பட்ற சத்தம் டிவியில கேட்கிற மாதிரி இல்ல, காய்ஞ்ச விறகு முறிக்கிற மாதிரி அந்த மலைக்கு நடுவுல எதிரொலிக்குது. ஆட்டம் முடிஞ்சதும் ஒரு பொண்ணு இவகிட்ட இந்தியில ஏதோ கேட்க, இவளுக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில பதில் சொல்ல, அஞ்சு நிமிஷத்துல இவ கையில ஸ்டிக். ஸ்கேட் இல்லாம, ஷூவோட, பென்குயின் மாதிரி நடந்து ரெண்டு பாஸ் அடிச்சா. பத்து வருஷத்துக்கு அப்புறம். நான் போட்டோ எடுத்தேன், ஆடிப்போயிருக்கு. குளிர்னு வச்சுக்கங்க.

"விடுமுறைன்னா கோயில் குளம்னு போகாம..."ன்னு சித்தப்பா இழுத்தார். குளத்துக்குத்தானே சித்தப்பா போனோம்னேன். முறைச்சார்.

ஆனா கோயில் விஷயத்தை நான் விடப் போறதில்ல. ஏன்னா நான் இருக்கன்குடிக்காரன். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேர்ற இடத்துல மாரியம்மன் கோயில். சாத்தூர்ல இறங்கி பஸ் பிடிக்கணும். ஆடி கடைசி வெள்ளிக்கு வந்து பாருங்க, சிவகாசி, கோவில்பட்டி, அருப்புக்கோட்டைன்னு நாலு திசையில இருந்தும் ஜனம் நடந்தே வரும். ஊரே அந்த ஜனத்தை நம்பித்தான் பிழைக்குது. எங்க ஆத்தா தேங்காய், பூ, கண்மலர் வித்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டுச்சு. சின்ன வயசுல கடையில உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே வளர்ந்தவன் நான்.

பார்த்ததைச் சொல்றேன். சாமி கும்பிடறது அரை மணி, கூட்டமா இருந்தா ரெண்டு மணி. மாவிளக்கு, முடியிறக்கம், அக்கினிச்சட்டி எல்லாம் பக்தியோட நடக்கும், அதுல சந்தேகமே இல்ல. அதுக்கப்புறம்? ஆத்து மணல்ல சேலையை விரிச்சுப் போட்டு அந்தப் பொம்பளைங்க படுத்துக் கிடப்பாங்க. காலை நீட்டி. யாருக்கும் சோறு வைக்க எந்திரிக்காம, வெத்தலை போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. சிலர் ராத்திரி தங்கிடுவாங்க. வருஷம் பூரா அந்த முகங்கள்ல பார்க்க முடியாத ஒரு தெளிச்சி இருக்கும். எங்க பகுதியில ஒரு பொம்பளை கேதம், பிரசவம், கல்யாணம் தவிர வீட்டை விட்டுத் தங்குற மாதிரி கிளம்பணும்னா ஒரே வழி நேர்த்திக்கடன். அதுதான் அவங்க லீவ் லெட்டர். கையெழுத்துப் போடறது மாரியாத்தா, அதனால எந்த மாமியாரும் ரிஜெக்ட் பண்ண முடியாது.

ஊர் சுத்துற ஆசை மேல்நாட்டு வியாதின்னு சொல்றவங்க அந்த மணலுக்கு வந்து பாருங்க. ஆசை எப்பவும் இருந்துச்சு. காரணம் சொல்லாம "எனக்குப் பிடிச்சிருக்கு, போறேன்"னு சொல்ற உரிமைதான் இல்ல. எங்க வீட்டுல ஒருத்தி அதைச் சொல்லிட்டா. அவ்வளவுதான் நடந்தது. ஐஸ் ஹாக்கிக்குப் பதிலா "காசிக்குப் போறோம், வேண்டுதல்"னு சொல்லியிருந்தா ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டீங்க. இத்தனைக்கும் செலவு கிட்டத்தட்ட ஒண்ணுதான்!

செலவுன்னதும் இன்னொண்ணு. லே போய்வர ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய. பதினோரு மாசம் சேர்த்த காசு. போன வருஷம் எங்க சொந்தத்துல ஒரு காதுகுத்துக்கு முச்சந்தியில வச்ச ஃபிளெக்ஸ் பேனரும் ட்ரம் செட்டும் அதைவிட அதிகம். பிள்ளை அழுதுக்கிட்டே இருந்துச்சு. அதை யாரும் மேட்டிமைன்னு சொல்லல. மொய் நோட்டு முன்னாடி வரிசையில நின்னோம்.

இப்போ அனானிக்கு வர்றேன்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. கிட்டத்தட்ட 40 பேர் போனாங்க. அன்னைக்கு எங்க ஊர்ப் பக்கம் இருந்தவன் யாருக்கும் நீங்க ஞாபகப்படுத்தத் தேவையில்ல. ஒரு அறைக்கு நாலு பேர்னு விதி இருந்தும் அதுக்கு மேல உட்கார வைக்கிறது, உள்குத்தகைக்கு விடறது, தீபாவளி நெருங்க நெருங்க அவசரம்... காரணமெல்லாம் ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் பேப்பர்ல வருது, மாறல. நாக்பூர் லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ்னு எங்க ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

என் பெரியம்மா மகள், அக்கா, 22 வருஷமா ஆலைக்குப் போகுது. முதல்ல சரம் பின்னினது. 2018ல உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை பண்ணினதும் அந்த வேலை போய், இப்போ குழாய் உருட்டுது. பீஸ் ரேட். நான் ஊருக்குப் போனப்ப லே படங்களைக் காட்டினேன். கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு, அனானி கேட்டதை அக்காவும் கேட்டுடுமோன்னு. அக்கா மலையைப் பத்திக் கேட்கல, பனியைப் பத்திக் கேட்கல. கேட்டது இதுதான்:

"எத்தனை நாள் லீவு தம்பி? சம்பளத்தோடயா?"

ஒன்பது நாள்க்கா, சம்பளத்தோடதான்னேன். "ம்"னுச்சு. அதுக்கு ஆடி கடைசி வெள்ளிக்கு ஒரு நாள் கோயிலுக்கு வந்தாலும் அன்னைக்குக் கூலி இல்ல. எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருக்கு கோயில்.

அனானி ஐயா, உங்க கோபம் நியாயம். விலாசம்தான் தப்பு. நான் லீவைக் கேன்சல் பண்ணிட்டு ஆபீஸ்ல உட்கார்ந்தா அக்காவுக்கு ஒரு மணி நேரம் கூட ஓய்வு கிடைக்காது. எனக்கு இருக்கிறது அக்காவுக்கும் சட்டப்படி இருக்கணும். 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே இருந்துச்சு: வருஷத்துல 240 நாள் வேலை பார்த்தா, 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோட விடுப்பு. 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல அந்த 240ஐ 180ஆகக் குறைச்சிருக்காங்க. 180 நாள் வேலை பார்த்தா ஒன்பது நாள்! நான் லேவுக்கு எடுத்த அதே ஒன்பது நாள். ஆனா பீஸ் ரேட்ல, குத்தகைக்காரன் மாற மாற, அக்கா வேலை பார்த்த நாளை எந்த ரெஜிஸ்டர்ல யார் எழுதுறா? அந்த ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்க, முதல் கையெழுத்து நான் போடறேன். ரெண்டாவது எங்க வீட்டு ஃபுல் பேக் போடுவா. சம்பளத்தோட விடுமுறைங்கிறதை 1936லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையா போட்டுடுச்சு. தொண்ணூறு வருஷம் கழிச்சும் "எங்க அக்காவுக்கு இல்ல, அதனால உனக்கும் வேண்டாம்"னு சொல்றது ஆலை முதலாளிக்குத்தான் வசதி. செத்தவங்களை எடுத்து என் மேல வீசாதீங்க. இருக்கிறவங்களுக்கு ஒன்பது நாள் வாங்கிக் கொடுக்கலாம், வாங்க.

அன்னைக்கு அக்கா இன்னொண்ணும் கேட்டுச்சு. "அந்தப் பிள்ளைக விளையாடுறதைக் காட்டு." போன்ல காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துச்சு. எல்லாரும் வட்டு பின்னாடி ஓட, அக்கா கோலியையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "அது என்ன, ஒத்தையில நிக்கவிட்டுட்டு எல்லாரும் அங்கிட்டு ஓடுதுக?"ன்னு கேட்டுச்சு. எங்க வீட்டம்மாவுக்கு ஏக குஷி, மதினி சரியான கேள்வி கேட்டுட்டாங்கன்னு. டிஃபென்ஸ் எங்க நிக்கணும்னு ஒரு தீப்பெட்டியையும் நாலு குழாயையும் வச்சு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தா.

வர்ற சனிக்கிழமை விடியக்காலை அஞ்சரைக்கு டொராண்டோ பெண்கள் மேட்ச் இருக்கு. அக்காவை ஏத்த ஆலை வேன் ஆறே முக்காலுக்கு வரும். முதல் பீரியட் முழுசாவும் ரெண்டாவதுல பாதியும் பார்த்துடலாம்னு இவ கணக்குப் போட்டு, லிங்க் அனுப்பி வச்சிருக்கா.